ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் குடிமையியல்: எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

உயர்நிலை வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்தும் ஓர் ஆசிரியர் கேட்டிருக்கும் கேள்வி இது: அரசமைப்பு, தேர்தல், உள்ளாட்சி என எல்லாப் பாடங்களையும் ஒழுங்காக நடத்தி முடித்தாயிற்று, மாணவர்களும் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள், ஆனால் தெருவில் குடிநீர் வராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, கையில் இருக்கும் சில பாடவேளைகளை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சரிசெய்வது? கேள்வியில் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டம் என்று குறிப்பிட்டிருப்பதால் அதை மட்டுமே கருத்தில் கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில், பாடநூலின் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. 2018 முதல் படிப்படியாக வந்த புத்தகங்களில், ஒன்பதாம் வகுப்பில் மக்களாட்சி, தேர்தலும் கட்சிகளும், மனித உரிமைகள், உள்ளாட்சி ஆகியவையும், பத்தாம் வகுப்பில் அரசமைப்பு, மத்திய அரசு, மாநில அரசு, வெளியுறவுக் கொள்கை ஆகியவையும் இடம்பெற்றுள்ளன. பெரிதாக எதுவும் விடுபட்டுவிடவில்லை. ஆனால் இவை அனைத்தும் அமைப்புகளின் வரைபடமாகவே நின்றுவிடுகின்றன. அந்த அமைப்புகள் நடக்கும் விதம், அதாவது ஒரு காகிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, யார் கையெழுத்திட்டால் வேலை நடக்கும், நடக்காவிட்டால் அடுத்தபடி எங்கே போவது என்பது புத்தகத்தில் இல்லை. குடியரசுத் தலைவரின் அதிகாரங்களைத் துணைத்தலைப்புகளோடு எழுதத் தெரிந்த மாணவர், கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர், ஊராட்சிச் செயலர் ஊரக வளர்ச்சித் துறையின்கீழ் வருபவர், இருவரிடமும் ஒரே வேலைக்காகப் போக முடியாது என்பதை அறியாமலே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார். இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்கு விசுவாசமான குடிகளை உருவாக்கும் நோக்கத்தோடு புகுத்தப்பட்ட பாடம் இது என்பதை 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே சுட்டிக்காட்டியிருக்கிறது. அரசைப் பற்றி மரியாதையோடு மனப்பாடம் செய்வது என்ற அந்தப் பழைய வாசனை, பெயரும் புத்தகமும் மாறிய பின்னும் முழுமையாகப் போகவில்லை.

ஆகவே என் பரிந்துரை ஒன்றுதான்: ஓர் ஆண்டில் ஓர் உள்ளூர் விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை மாணவர்களோடு சேர்ந்து பின்தொடருங்கள், பாடநூலின் பகுதிகளை அந்தப் பயணத்தில் எங்கெங்கே தேவையோ அங்கங்கே திறந்துகொள்ளுங்கள். இதற்குப் பத்தாம் வகுப்பைவிட ஒன்பதாம் வகுப்பே ஏற்றது. பத்தாம் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே சிறப்பு வகுப்பு, மெல்லக் கற்போருக்கான பயிற்சி, திருப்புதல் தேர்வு என்று பொதுத்தேர்வுக்கு ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்த நெருக்கடி இல்லை; உள்ளாட்சி, தேர்தல் ஆகிய பாடங்களும் அங்கேதான் இருக்கின்றன.

எடுத்துக்காட்டாக, பள்ளிக்கு முன்னால் போகும் சாலையை எடுத்துக்கொள்வோம். அது யாருடைய சாலை என்ற ஒரே கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விடையை ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்து வரச் சொல்லலாம். பெரும்பாலோர் ‘அரசாங்கத்துடையது’ என்றுதான் தொடங்குவார்கள். எந்த அரசாங்கம் என்று கேட்டவுடன் பாடம் தொடங்கிவிடுகிறது. தேசிய நெடுஞ்சாலை என்றால் அது அரசமைப்பில் மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரித்துச் சொல்லும் ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியலில் வருகிறது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை என்றால் மாநில அரசின் நெடுஞ்சாலைத் துறை. ஒன்றியச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊருக்குள் ஓடும் தெரு என்றால் கிராம ஊராட்சி, நகரமென்றால் பேரூராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ. சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்பதைக் கண்டுகொள்ளும் மாணவர், கூட்டாட்சி என்ற சொல்லுக்கான பொருளை நடந்துபோகும் வழியிலேயே பார்த்துவிடுகிறார். அரசமைப்பின் 73ஆவது திருத்தம் கொண்டுவந்த பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் சாலையும் ஒன்று என்பதை அதன் பிறகு காட்டினால், அந்த அட்டவணை வெறும் எண்ணாக நிற்காது.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலையானால் இன்னும் நல்லது. அதன் தொடக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நிற்கும். பணியின் பெயர், நீளம், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர், பணி முடிந்த நாள் ஆகியவை அதில் இருக்கும். போட்டவரே ஐந்தாண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. நாள்தோறும் அந்தப் பலகையைக் கடந்துபோகும் மாணவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். பணி முடிந்து மூன்றாம் ஆண்டிலேயே சாலை பெயர்ந்திருந்தால், யார் பொறுப்பு என்பதற்கான விடை அந்தப் பலகையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நோட்டில் அதை அப்படியே எழுதி வரச் செய்வது மட்டுமே ஒரு பாடவேளைக்கான வேலை. தெருவிளக்கிலும் இதே சுவாரசியம் உண்டு: விளக்கு பழுதானால் ஊராட்சி, கம்பத்துக்கு மின்சாரமே வராவிட்டால் மின்வாரியம். இந்த வேறுபாடு தெரியாததால் மாதக்கணக்கில் இருட்டில் கிடக்கும் தெருக்கள் உண்டு.

பொறுப்பு யாருடையது என்று தெரிந்த பிறகு மனு எழுதுவது அடுத்த கட்டம். மொழிப்பாடத்தில் நாம் கற்பிக்கும் விண்ணப்பக் கடிதத்துக்கும் அலுவலகத்தில் பலன் தரும் மனுவுக்கும் நிறைய தூரம் இருக்கிறது. ‘எங்கள் ஊரில் சாலை மிகவும் மோசமாக உள்ளது, ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதினால் அந்த மனு எங்கும் தங்காது. சாலையின் பெயர், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எப்போதிருந்து பழுது, அறிவிப்புப் பலகையில் உள்ள விவரம், கேட்கும் நடவடிக்கை என்ன என்பவை இருந்தால்தான் பெறுபவர் அதை வேறொருவருக்குத் தள்ளிவிட முடியாது. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும் என்பதும், திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்படும் மனுவுக்கு ஓர் எண் உண்டு, அந்த எண்ணைக் கொண்டு நிலையைக் கேட்கலாம் என்பதும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கப்பட்டுள்ளது’ என்று வரும் ஒற்றை வரிப் பதிலை வகுப்பில் படித்து, அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது, என்ன சொல்லப்படவில்லை என்று அலசுவது, பாடநூலில் உள்ள எந்தப் பயிற்சியையும்விடப் பயன்தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மாணவர்களைச் சீருடையோடு வரிசையாக அழைத்துச்சென்று, பத்திரிகைக்குப் படம் எடுத்து, பெரியவர்களின் சண்டையை அவர்கள் கையில் கொடுத்து மனுவாக நீட்டவைப்பது வேறு. நான் சொல்வது வேறு. விஷயத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாணவர்களாக இருக்க வேண்டும், மனுவில் ஒப்பமிடுபவர்கள் பெற்றோராக இருக்கலாம், படம் வேண்டியதில்லை.

மனுவுக்குப் பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய பத்தியை மாணவர்கள் படித்திருப்பார்கள். ஆனால் ஒரு விண்ணப்பத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பினால் போதும்; 30 நாளில் பதில் வரவேண்டும்; வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் முறையீடு; அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். சட்டத்தின் 3ஆம் பிரிவு ‘குடிமக்கள் அனைவருக்கும்’ என்றே சொல்கிறது, வயதைக் குறிப்பிடவில்லை. ஆனாலும் பெற்றோர் ஒருவர் பெயரில் அனுப்புவதே சிக்கலற்றது. கேள்வியை அமைப்பதில்தான் உண்மையான பயிற்சி இருக்கிறது. ‘ஏன் சாலை போடவில்லை’ என்று கேட்டால் அது விளக்கம் கோருவதாகிவிடும், பதில் கிடைக்காது. ‘இச்சாலைக்குக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை, செலவிடப்பட்ட தொகை, முடிந்த வேலையின் அளவுகளைப் பதிந்துவைக்கும் அளவீட்டுப் புத்தகத்தின் நகல்’ என்று கேட்டால் அது ஆவணம், கொடுத்தாக வேண்டும். ஆதங்கத்தைக் கேள்வியாக மாற்றத் தெரிவது ஒரு திறமை, அது ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு நிச்சயம் கைவரும்.

கிராமப்புறப் பள்ளியானால் கிராம சபை இருக்கிறது. அது கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் 2022 முதல் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள் என்பதால் மாணவர்கள் அங்கே தீர்மானத்தில் பங்கெடுக்க முடியாது, பார்வையாளராக உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம். வரவு செலவு வாசிக்கப்பட்டதா, சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் என்னவாயின என்று யாராவது கேட்டார்களா, பேசியவர்களில் பெண்கள் எத்தனை பேர், தீர்மானப் புத்தகம் கூட்டத்திலேயே எழுதப்பட்டதா அல்லது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு பின்னர் எழுதப்பட்டதா என்று அவர்கள் கவனித்து எழுதும் இரண்டு பக்கம், உள்ளாட்சிப் பாடத்தின் வினா விடைகள் அனைத்துக்கும் மேலானது. கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே தனி கிராம சபை நடத்தும் வழக்கம் இருக்கிறது. அவர்கள் எழுப்பும் குறைகளுக்கு ஊராட்சி அங்கேயே பதில் சொல்ல வேண்டும். இங்கும் அது பரவலாக வர வேண்டும் என்பது என் விருப்பம், ஆனால் அது வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பாடநூல் சொல்வதற்கும் ஊரில் நடப்பதற்கும் இடையில் வேறுபாடு தெரியும்போது ஆசிரியர்கள் சங்கடப்பட்டு அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அங்கேதான் நிற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். உள்ளாட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் என்று புத்தகம் சொல்கிறது. அரசமைப்பின் 243E உறுப்பும் பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்றே விதிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில்; மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில்; நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரியில். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். ஏன் இப்படி என்ற கேள்விக்கு இட ஒதுக்கீட்டு வழக்கு, வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு என்று பல விடைகள் இருக்கின்றன. விதி ஒன்று, நடப்பு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் நீதிமன்றமும் அரசியலும் இருக்கின்றன என்பதைப் பதினான்கு வயது மாணவர் தாங்கிக்கொள்வார். மறைத்தால் மட்டுமே பின்னாளில் எல்லாம் பொய் என்ற முடிவுக்கு வருவார்.

இதைச் சொன்னவுடன் எழும் அச்சம் தெரிந்ததே: அரசியல் பேசினால் புகார் வரும். அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சி அரசியலைத் தடுக்கின்றன, அது சரியானதும்கூட. ஆனால் சர்ச்சைக்குரிய பொருளை வகுப்பில் எடுப்பதும் ஆசிரியர் தன் சார்பைத் திணிப்பதும் ஒன்றாகிவிடாது. இந்தச் சிக்கலை ஜெர்மானியர்கள் 1976இல் பொய்டெல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அங்குள்ள அரசியல் கல்விக்கு இன்றும் அதுவே அடிப்படை. மாணவர் சுயமாக முடிவெடுப்பதற்கு முன்பே ஆசிரியர் அவரைத் தன் கருத்தால் அமுக்கிவிடக் கூடாது. சமுதாயத்தில் எது விவாதத்துக்குரியதோ அது வகுப்பிலும் விவாதத்துக்குரியதாகவே வைக்கப்பட வேண்டும். தன் சொந்த நிலையையும் நலனையும் மாணவரே ஆராய்ந்து செயல்படக் கற்க வேண்டும். இதை நம் வகுப்புக்கு அப்படியே பொருத்தலாம். பத்தாம் வகுப்பின் மாநில அரசு பாடத்தில் ஆளுநர் வருகிறார். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களுக்கு அவர் ஒப்புதல் தாமதித்தது குறித்த தமிழ்நாட்டு அரசின் வழக்கில், 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்துக் காலவரம்பும் வகுத்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் காலவரம்பு விதிக்கவோ ஒப்புதல் பெற்றதாகக் கருதவோ நீதிமன்றத்தால் இயலாது என்று கருத்துரைத்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்திலேயே இரு பார்வைகள் வந்திருக்கும்போது, ஆளுநரின் ஒப்புதலைப் பற்றிய 200ஆவது உறுப்பின் வாசகத்தைக் கையில் கொடுத்து, இரு பக்கத்துக்கும் மாணவர்களை வாதாடவைப்பதில் என்ன சார்பு இருக்க முடியும்? ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள்: வாதாடி முடித்தபின் பக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தேர்தல் பாடத்தைப் பொறுத்தவரை, பள்ளிகளில் தேர்தல் கல்வியறிவு மன்றங்களைத் தேர்தல் ஆணையம் 2018இல் தொடங்கியது. பல இடங்களில் அது தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25 அன்று உறுதிமொழி எடுப்பதோடு நின்றுவிடுகிறது. அதைவிட, ஒவ்வொரு தேர்தலிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியை எடுத்துச் சோதித்தால் போதும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாம் என்றும், ஒரு சாவடியில் 14 விழுக்காட்டுக்கு மேல் ‘டெண்டர் ஓட்டு’ பதிவானால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்றும் அது சொல்லும். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளைத் திறந்தால் உண்மை தெரியும். வாக்களிக்க வந்தவரின் அடையாளத்தை ஒரு வேட்பாளரின் முகவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பதுதான் அங்கே சேலஞ்ச். நம் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டால் தனி வாக்குச்சீட்டில் பதிவு செய்வது டெண்டர் ஓட்டு. 14 விழுக்காடு என்ற பேச்சே எங்கும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்கவே முடியாது. வந்த செய்தியை மூல விதியோடு ஒப்பிடும் பழக்கம் இப்படி ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் வேறு விஷயங்களுக்கும் அது உதவும். 17 வயது நிறைந்தவுடன், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுக்கலாம் என்பதையும் அந்தப் பாடவேளையிலேயே சொல்லிவிடலாம்.

இவ்வளவையும் செய்துவிட்டு வகுப்பறைக்குள் மட்டும் ஆசிரியர் சொன்னதே சட்டம் என்றிருந்தால் மாணவர்கள் எதை நம்புவார்கள்? மதிப்பெண் அதிகம் வாங்குபவரையோ உரக்கப் பேசுபவரையோ வகுப்புத் தலைவராக நியமிப்பதே நம் வழக்கம். இரகசிய வாக்கெடுப்பு வைப்பது எளிது, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஒரு பொறுப்பும் ஒரு கணக்கும் இல்லாவிட்டால் அது நாடகமாகிவிடும். ஆசிரியர் எழுதிக்கொடுத்த வசனத்தை ஒப்பிக்கும் மாதிரி நாடாளுமன்றங்களைப் பற்றியும் எனக்கு இதே கருத்துதான். விளையாட்டுப் பொருள்களின் பயன்பாட்டு முறை, தண்ணீர்த் தொட்டியின் பராமரிப்பு, வகுப்பு நூலகம் என்று ஏதாவது ஒன்றை உண்மையாகவே அவர்களிடம் விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை வகுப்பின் முன் கணக்குச் சொல்லவைக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் முடிவு நமக்குப் பிடிக்காவிட்டாலும், ஆபத்தில்லாதவரை, அது நிற்க வேண்டும்.

சாதியைத் தொடாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. அரசமைப்பின் 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே, யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள், யார் கையில் என்ன நிறக் கயிறு இருக்கிறது என்பது வேறொரு பாடத்தை நடத்திக்கொண்டிருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியை அடையாளப்படுத்தும் கயிறு, மோதிரம், பொட்டு ஆகியவற்றைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குவது, மாணவர்களை அகரவரிசைப்படி அமர்த்துவது உள்ளிட்ட பரிந்துரைகளைச் சொன்னது. இவற்றில் கடைசியானதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. நாளைக் காலையே செய்துவிடலாம், காரணத்தையும் மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லலாம்.

கடைசியாகத் தேர்வு. பொதுத்தேர்வு வினாத்தாளை நாம் மாற்ற முடியாது, ஆனால் ஒன்பதாம் வகுப்பின் அலகுத் தேர்வு நம் கையில் இருக்கிறது. ‘கிராம ஊராட்சியின் பணிகளை எழுதுக’ என்பதற்குப் பதிலாக, ‘உங்கள் தெருவில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை, யாரிடம், என்ன விவரங்களோடு, எழுத்தில் கேட்பீர்கள், பதில் இல்லாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால், பணிகளைத் தெரிந்துகொள்ளாமல் பதில் எழுத முடியாது. ஆண்டு முழுவதும் சேர்ந்த மனு நகல், ஒப்புகைச் சீட்டு, பதில் கடிதம், கிராம சபைக் குறிப்பு ஆகியவற்றை ஒரு கோப்பாக வைத்து, அதற்கும் வளரறி மதிப்பீட்டில் மதிப்பெண் தரலாம். சாலை சரியாயிற்றா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். அது மாணவர் கையில் இல்லை.

முதல் ஆண்டிலேயே இவை எல்லாவற்றையும் தொடங்கினால் எதுவும் முடியாது. ஊர்ப்புறப் பள்ளியானால் சாலையையோ குடிநீரையோ, நகரமானால் குப்பை அகற்றுதலையோ ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமைப் பாடங்களை அதோடு பொருத்தி நடத்துங்கள், கடமைப் பட்டியலுக்கு ஒரு பாடவேளைக்கு மேல் தர வேண்டாம். தலைமையாசிரியரின் அனுமதியையும் பெற்றோர் ஒப்புதலையும் ஜூன் மாதத்திலேயே எழுத்தில் வாங்கி அந்தக் கோப்பின் முதல் தாளாக வைத்துவிடுங்கள்.